ஐடி வாங்குகிறவனும் ஐடி விற்கிறவனும்

டெல்டாவில் ஐபிஎல் நடக்கிற மாதங்கள் வயல் ஓய்ந்திருக்கிற மாதங்கள். சம்பாவும் தாளடியும் மாசியோடு அறுவடையாகிவிடும். அறுப்பை ஒட்டித் தெளித்த உளுந்தும் பயறும் சித்திரைக்குள் வீடு வந்து சேரும். மேட்டூரைத் திறக்க வழக்கமாகக் குறித்த தேதி ஜூன் 12. இடைப்பட்ட காலத்தில் போர்த் தண்ணீர் இருக்கிறவர்கள் மட்டும் கோடை நெல் போட்டிருப்பார்கள். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறியிருக்கும். குறுவைச் செலவு இன்னும் தொடங்கியிருக்காது. வீட்டில் கொஞ்சம் பணம், கையில் நிறையப் பொழுது, ராத்திரி ஏழரைக்கு ஒரு மேட்ச். பெட்டிங் ஏஜென்டுகளைக் கேட்டு யாரும் ஐபிஎல் அட்டவணை போடவில்லை. ஆனால் இதைவிடப் பொருத்தமான பருவம் அவர்களுக்குத் தேடினாலும் கிடைக்காது.

பெட் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வயலில் இறங்கும் ஆட்கள் இல்லை. அப்பா காலத்திலோ தாத்தா காலத்திலோ வயலை விட்டு டவுனுக்கு வந்துவிட்ட வீட்டுப் பையன்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலை, கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றிய தெருக்கள், திருச்சி உறையூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊரை எடுத்தாலும் ஆள் ஒரே மாதிரிதான். வயது இருபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டுக்குள். பி.இ. அல்லது டிப்ளமோ அல்லது பி.காம். முடித்திருப்பான். நடுவில் ஆறு மாதம் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்த்து, ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சம்பளம் சரியாகப் போகிறது என்று திரும்பி வந்திருப்பான். ஊரில் கிடைப்பது செல்போன் கடை, ஜவுளிக்கடை, கொரியர், சாப்பாடு டெலிவரி. திருச்சியில் பெல் ஆலையை நம்பி வளர்ந்த துவாக்குடிப் பக்கத்துப் பட்டறைகள், ஆர்டர் குறைந்ததிலிருந்து முன்போல் ஆள் எடுப்பதில்லை.

படித்தவனுக்கு வேலை கிடைப்பது கடினம் என்பது புலம்பல் மட்டுமில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-ல் சேர்ந்து வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-ல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம். படிக்காதவன் கிடைத்த வேலையைச் செய்தாக வேண்டும். படித்தவனை வீடு கொஞ்ச நாள் உட்கார வைத்துச் சோறு போடும். அந்த ‘கொஞ்ச நாள்’ மூன்று நான்கு வருடமாக நீள்கிறபோதுதான் கதை தொடங்குகிறது.

அந்த வருடங்களில் அவன் சும்மா இருப்பதில்லை, பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான். 2024 குரூப் 4 தேர்வை அறிவித்தபோது இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். முந்நூறு பேருக்கு மேல் ஒரு இடத்துக்குப் போட்டி. இடங்களைப் பிறகு கூட்டினார்கள், சரி. கூட்டியும் இருநூறு பேருக்கு ஒரு இடம்தான். இந்தக் கணக்கில் மூன்று வருடம் காத்திருந்தவனிடம் ஒருத்தன் வந்து, ‘இரண்டில் ஒன்று ஜெயிக்கும், மூன்றரை மணி நேரத்தில் முடிவு தெரியும், ராத்திரியே ஜிபேயில் பணம் வரும்’ என்றால் அவன் காதில் அது பேராசையாக விழாது. அவன் இதுவரை கேட்டதிலேயே நியாயமான வாய்ப்பாகத்தான் தோன்றும். பெட்டிங் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ‘குறுக்கு வழியில் பணம் சம்பாதிக்கும் ஆசை’ என்று தொடங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தப் பையன்கள் இதை வேலையாக நினைத்துத்தான் உள்ளே வருகிறார்கள். நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதுகிறவன் இருக்கிறான். பிட்ச் எப்படி, டாஸ் ஜெயித்தவன் என்ன செய்தான், பனி விழுமா, யார் காயம் என்று பார்க்கிறான். கேட்டால் ‘சைடு இன்கம்’ என்பான்.

இந்தப் பக்கம் சூது ஒன்றும் புதிதில்லை. வெட்டுச்சீட்டு, மங்காத்தா, சேவல் கட்டு எல்லாம் இருந்தவைதான். 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரிச் சீட்டைத் தடை செய்த பிறகு, கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்ணை வைத்து ஆடும் ‘மூணு நம்பர்’ வந்தது. இன்றும் அதற்கு வழக்குப் போட்டபடிதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சூதுக்கெல்லாம் ஒரு இடம் வேண்டும், நேரம் வேண்டும், கையில் ரொக்கம் வேண்டும், நாலு பேர் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் வேறு. 2016-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன: ஏப்ரலில் யுபிஐ வந்தது, செப்டம்பரில் ஜியோ வந்தது. இடமும் நேரமும் ரொக்கமும் கூச்சமும் ஒரே சமயத்தில் தேவையில்லாமல் போயின. வீட்டுக் கூடத்தில் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து மேட்ச் பார்த்தபடி பெட் கட்டலாம். அப்பாவுக்குப் பையன் கிரிக்கெட் பார்க்கிறான், அவ்வளவுதான்.

உள்ளே நுழைவது எப்படி

கடையும் கிடையாது, பலகையும் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு நம்பர். தெரிந்தவன்தான் கொடுப்பான், கூடப் படித்தவன், ஒரே டீமில் ஆடுகிறவன், சலூனில் பழக்கமானவன். ‘ஐடி வேணும்’ என்று மெசேஜ் போட்டால் ஒரு க்யூஆர் கோடு வரும். ஐந்நூறோ ஆயிரமோ போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், ஒரு பெட்டிங் தளத்தின் முகவரியும் யூசர் நேமும் பாஸ்வேர்டும் வரும். இதற்குத்தான் ‘ஐடி’ என்று பெயர். ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய். பணம் போடுகிற வங்கிக் கணக்கு இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறு ஒன்று. அந்தப் பெயர்கள் யாருடையவை என்று அவன் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பின்னால் சொல்லப்போகிற விஷயம் அப்போதே விளங்கியிருக்கும்.

உள்ளே போனால் யார் ஜெயிப்பார்கள் என்பது மட்டுமில்லை. அதிகம் ஓடுவது ‘செஷன்’. ஆறு ஓவர் முடிவில் எத்தனை ரன் என்பதற்குத் திரையில் 46–48 என்று இரண்டு எண் நிற்கும். 48 அல்லது அதற்கு மேல் வரும் என்று நினைப்பவன் ‘யெஸ்’ போட வேண்டும். 46-ஐத் தொடாது என்று நினைப்பவன் ‘நோ’ போட வேண்டும். சரியாக 46-ஓ 47-ஓ வந்தால்? யெஸ் போட்டவனும் தோற்றான், நோ போட்டவனும் தோற்றான். இரண்டு பேர் பணமும் மேலே போய்விடும். இதை யாரும் ஒளித்து வைக்கவில்லை, திரையில் பட்டவர்த்தனமாக இருக்கிறது. ஆனால் ஐந்தாவது ஓவர் கடைசிப் பந்தில் சிக்ஸர் பறந்து, எண் 46–48-லிருந்து 52–54-க்குத் தாவுகிற அந்த இரண்டு விநாடியில் இடைவெளியைப் பார்த்து யோசிப்பவன் யார்?

அந்த இரண்டு விநாடியிலும் ஒரு சங்கதி உண்டு. மொபைலில் பார்க்கிற நேரலை, மைதானத்தில் நடப்பதற்குப் பல விநாடிகள் பின்னால் வருகிறது. டிவியில்கூடத் தாமதம் உண்டு. ரேட் மாற்றுகிறவனுக்கு மைதானத்திலிருந்தே தகவல் போகும். ‘இந்தப் பந்து விக்கெட்’ என்று உள்ளுணர்வு சொன்னதாகக் கும்பகோணத்துப் பையன் நினைத்து அழுத்துகிற நேரத்தில், விக்கெட் விழுந்து பேட்ஸ்மேன் பாதி வழி நடந்திருப்பான். அவனுக்குச் சாதகமான பெட் என்றால் ‘சஸ்பெண்டட்’ என்று வரும். பாதகமானது என்றால் ஏற்றுக்கொள்ளும்.

ஐபிஎல் முடிந்தால் நின்றுவிடும் என்று வீட்டில் நினைப்பார்கள். நிற்காது. கரீபியன் லீக், ஆஸ்திரேலிய லீக், கவுண்டி, கபடி, கால்பந்து. இதெல்லாம் இல்லாத ராத்திரி மூன்று மணிக்குச் செக் நாட்டில் இரண்டு பேர் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள். பெயரைக்கூட வாசிக்கத் தெரியாத அந்த இருவர் மேல் மயிலாடுதுறையில் ஒருவன் இருநூறு ரூபாய் கட்டியிருப்பான். கூடவே திரையில் ஒரு விமானம் ஏறி ஏறி வெடிக்கிற ஆட்டம், வெடிப்பதற்குள் பணத்தை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேட்சே வேண்டாம்.

விளையாட்டே இல்லாமல் விளையாட்டுப் பெட்டிங் நடந்த வேடிக்கையும் இந்த நாட்டில் உண்டு. 2022 ஜூலையில் குஜராத் மெஹ்சானா மாவட்டத்தில் மோலிபூர் என்ற கிராமத்தில் போலீஸ் ஒரு ‘ஐபிஎல்’லைப் பிடித்தது. வயலைச் சமப்படுத்தி, விளக்குக் கட்டி, வேலையில்லாத பையன்களுக்கும் கூலியாட்களுக்கும் மேட்சுக்கு 400 ரூபாய் கொடுத்து, ஐபிஎல் டீம்களின் சட்டையை மாட்டிவிட்டு யூடியூபில் ஒளிபரப்பினார்கள். பெட் கட்டியவர்கள் ரஷ்யாவில் இருந்தார்கள். நம்மூரில் சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் கவனிக்கத்தக்கதாகத் தெரிவது அந்த 400 ரூபாய். மொத்த ஏற்பாட்டிலும் நிச்சயமான சம்பளம் வாங்கியது, பெட் கட்டாமல் மட்டையைப் பிடித்தவர்கள்தான்.

கணக்கு என்ன சொல்கிறது

திறமை இருந்தால் ஜெயிக்கலாம் என்பது இந்த உலகத்தின் முதல் நம்பிக்கை. அதைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். இரண்டு டீமும் சமபலம். நேர்மையான ரேட் என்றால் நூறு கட்டி ஜெயித்தவனுக்கு இருநூறு திரும்ப வேண்டும். திரையில் இரண்டு பக்கமும் 1.90 என்று இருக்கும். ஆளுக்கு நூறு கட்டினால் வருவது 200, கொடுப்பது 190. பத்து ரூபாய் நடுவில் நிற்கும். யார் ஜெயித்தாலும் நிற்கும். அதாவது பெட் கட்டுகிற ஒவ்வொரு நூறிலும் சராசரியாக ஐந்து ரூபாய் கழிந்துகொண்டே இருக்கிறது.

ஐந்து சதவீதம்தானே, வட்டிக்கடையை விடக் குறைவு என்று தோன்றும். அந்த ஐந்து ரூபாய் மாதத்துக்கு ஒருமுறை கழிவதில்லை, அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் கழிகிறது. ஐபிஎல் ஒரு சீசனில் 74 மேட்ச். மேட்சுக்குப் பத்து பெட், ஒன்றுக்கு இருநூறு என்று வைத்தால் கைமாறுவது 1,48,000 ரூபாய். அதில் ஐந்து சதவீதம் 7,400. எந்தத் தப்பும் செய்யாத, கோபப்படாத, குடிக்காத, கணக்குப் புத்தகம் வைத்து ஆடுகிறவனின் எதிர்பார்க்கத்தக்க நஷ்டம் அது. செஷனில் விழுகிற இடைவெளி இதைவிடப் பெரிது.

ஐந்து மேட்சைச் சேர்த்துக் கட்டுகிற ‘மல்டி’ இன்னும் மோசம். 1.90-ஐ ஐந்து முறை பெருக்கினால் 24.76 வரும். நூறு போட்டால் 2,476 என்பது கண்ணைப் பறிக்கும். ஆனால் ஐந்தும் சரியாக வர 32-ல் ஒரு வாய்ப்புதான். நியாயமாக 3,200 தர வேண்டும். ஐந்து சதவீதக் கழிவு, ஐந்து படி ஏறுவதற்குள் இருபத்திரண்டு சதவீதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்புறம் ‘விட்டதைப் பிடிக்கிறது’. தோற்றால் அடுத்த தடவை இரட்டிப்பாகக் கட்டினால் எப்படியும் ஒருநாள் வரும் என்று சத்தியமே செய்வார்கள். 100, 200, 400, 800 என்று நான்கு முறை தோற்றால் போனது 1,500. ஐந்தாவது முறை 1,600 கட்டி ஜெயித்தால் 1.90 ரேட்டில் லாபம் 1,440. ஜெயித்த பிறகும் 60 ரூபாய் நஷ்டம்! ஆறாவது வரை போய் 3,200 கட்டி ஜெயித்தால் நஷ்டம் 220. நூற்றுக்கணக்கான பெட் கட்டுகிறவனுக்கு ஐந்து ஆறு தோல்வி வரிசையாக வருவது துரதிர்ஷ்டம் இல்லை, வந்தே தீரும். இந்தக் கணக்கை அந்தப் பையன்களிடம் போட்டுக் காட்டினால் புரியாமல் போகாது. பாதிப் பேர் இன்ஜினியரிங் படித்தவர்கள். புரிந்த பிறகும் கட்டுகிறார்கள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டில் சூதாட்டத்தை மது, போதைப்பொருள் இருக்கும் அதே அத்தியாயத்தில் கொண்டுபோய் வைத்ததற்கு அதுதான் காரணம். அறிவு ஒரு பக்கம் இருக்க, விரல் ஒரு பக்கம் போகிற நோய் அது.

டெலிகிராமில் ‘நூறு சதவீத ரிப்போர்ட்’, அதாவது யார் ஜெயிப்பார்கள் என்ற கணிப்பை விற்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1,600 பேரை நம்பர் பிடித்து, பாதிப் பேருக்குச் சென்னை ஜெயிக்கும் என்றும் மீதிப் பேருக்கு மும்பை ஜெயிக்கும் என்றும் அனுப்பு. தோற்றவர்களை விட்டுவிட்டு ஜெயித்த 800 பேரிடம் அடுத்த மேட்சுக்கும் இதையே செய். நான்கு மேட்ச் முடிந்தால் நூறு பேர் கையில் நான்குக்கு நான்கு சரியான ரிப்போர்ட் இருக்கும். ஐந்தாவதற்கு ஐயாயிரம் கேட்டால் கொடுக்க மாட்டார்களா?

சம்பாதிக்கிறவர்கள்

இதில் பணம் பார்க்கிறவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒருவன் புது புல்லட்டில் போவான், அவனைக் காட்டித்தான் மற்றவர்களை இழுப்பார்கள். அவன் பெட் கட்டிச் சம்பாதித்தவன் இல்லை, ஐடி விற்றுச் சம்பாதித்தவன்.

இந்தத் தளங்களின் மென்பொருளிலேயே படிநிலை உண்டு: மேலே சூப்பர் மாஸ்டர், கீழே மாஸ்டர், அதற்கும் கீழே ஏஜென்ட், அடியில் ஆடுகிறவன். மகாதேவ் என்ற பெட்டிங் ஆப் மீதான வழக்கில் அமலாக்கத் துறை சொன்னதும் இதைத்தான். துபாயில் உட்கார்ந்து நடத்தியவர்கள் இந்திய ஊர்களில் ‘பேனல்’களைக் கிளை மாதிரி கொடுத்து, லாபத்தில் எழுபதுக்கு முப்பது என்று பிரித்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த ஆட்கள் சத்தீஸ்கரில் பிலாய் என்ற ஊர்க்காரர்கள். அதுவும் பெரிய அரசு ஆலையை நம்பி வளர்ந்த நகரம்தான்.

‘லாபத்தில் பங்கு’ என்றால் எந்த லாபம்? ஆடுகிறவன் தோற்கிற பணம்தான். ஏஜென்டுக்குக் கிடைப்பது தன் ஐடியில் ஆடுகிறவர்களின் நஷ்டத்தில் ஒரு பங்கு. சிறு ஊரில் அவன் ஐடியில் ஆடுகிறவர்கள் யார்? கூடப் படித்தவர்கள், பக்கத்துத் தெரு, மச்சான், மாமன் மகன். ‘மாப்ள, இன்னிக்கு ஆடலையா? போனஸ் ஐந்நூறு போட்டு விடவா?’ என்று அன்பாகக் கேட்கிற நண்பனுக்கு, இவன் தோற்றால்தான் வருமானம். இவன் ஜெயித்துக்கொண்டே போனால் மேலே சொல்லி ஐடியை முடக்கிவிடுவார்கள். போலீசில் போய்ச் சொல்லவும் முடியாது.

ஆகப் பெரிய இழப்பு வந்ததும் ஒரு பையன் முன்னால் திறக்கிற வழி இதுதான். முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ ஏஜென்டுக்கே பாக்கி வைத்திருப்பான். ‘பரவாயில்லடா, பத்து பேரைச் சேர்த்து விடு, கழிச்சுக்கலாம்’ என்பார்கள். நேற்று வரை ஆடியவன் இன்றைக்கு ஆள் பிடிப்பவன். என் பார்வையில் இந்தத் தொழில் ஓடுவது கிரிக்கெட்டாலும் இல்லை, ஆசையாலும் இல்லை. தோற்றவனை விற்பனையாளனாக மாற்றுகிற இந்தத் திருப்பத்தால்தான். வேலை தேடி வந்தவனுக்குக் கடைசியில் வேலை கிடைத்துவிடுகிறது, நண்பர்களை விற்கிற வேலை.

பத்து பேரைச் சேர்க்க முடியாதவனுக்கு இன்னொரு வழி: வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது. சேமிப்புக் கணக்கு, ஏடிஎம் கார்டு, அதனுடன் இணைந்த சிம் மூன்றையும் கொடுத்துவிட்டால் மாதம் இவ்வளவு என்று பணம். மேலே சொன்ன, தினமும் மாறுகிற கணக்குகள் இவைதான். தப்பாக எதுவும் செய்யவில்லை என்று அவன் நினைப்பான். கணக்கில் என்ன போகிறது, வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. பெட்டிங் பணம் மட்டும் அதில் வராது. ஹைதராபாத்தில் யாரோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரை ஏமாற்றிப் பறித்த பணமும் அதே கணக்கு வழியாகப் போகும். அவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுப்பார். பணம் போன பாதையில் இருக்கிற கணக்குகள் எல்லாம் முடங்கும். தஞ்சாவூரில் இவன் அம்மாவுக்கு மருந்து வாங்க அதே வங்கியின் வேறு கார்டைத் தேய்க்கும்போதுதான் ‘ஃப்ரீஸ்’ என்று தெரியும். வங்கியில் கேட்டால் வேறு மாநில சைபர் கிரைம் நிலையத்தின் பெயரைச் சொல்வார்கள். அங்கே போக வர ரயில் செலவு, வக்கீல் செலவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-வது பிரிவு, குழுவாகச் சேர்ந்து அனுமதியில்லாத பெட்டிங் நடத்துவதைச் சிறு அளவிலான அமைப்புசார் குற்றமாக வைத்திருக்கிறது: ஒரு வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை. அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறவன் மேல் இப்படி ஒரு எப்.ஐ.ஆர். விழுந்தால், காவல்துறைச் சரிபார்ப்பில் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளலாம்.

சட்டம் இதுவரை ஓடிய ஓட்டம் சுவாரசியமானது, ஆனால் சுருக்கமாகவே சொல்கிறேன். சூதும் பந்தயமும் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்நாடு 2021-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்குக் கொண்டுவந்த தடையை அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2022 அக்டோபரில் புது மசோதா நிறைவேற்றினார்கள். ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. இந்த வாதங்கள் எல்லாம் பெரும்பாலும் ரம்மியைச் சுற்றியே நடந்தன. நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டிப் பணம் போடுகிற பேன்டஸி கிரிக்கெட் ஆப்கள் திறமை விளையாட்டு என்ற பெயரில் தனியாக ஓடின. 2023 அக்டோபரிலிருந்து போடுகிற பணத்துக்கே 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. கடைசியாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே இல்லாமல் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு வருடம், 50 லட்சம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. இந்திய அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த பேன்டஸி நிறுவனமே பணப் போட்டிகளை நிறுத்திவிட்டு விலகியது.

நல்லதுதான். ஆனால் மூடியது முகவரி இருந்த கடைகள். ஆதார் கேட்டு, பான் கேட்டு, ஜெயித்த பணத்தில் முப்பது சதவீதம் வரி பிடித்தவை அவை. வாட்ஸ்அப் நம்பருக்கு ஆதாரும் கிடையாது, வரியும் கிடையாது, மூட ஒரு ஷட்டரும் கிடையாது. மத்திய அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களை முடக்கியிருக்கிறது. முகவரியில் ஓர் எழுத்தை மாற்றி அடுத்த நாளே ஏஜென்ட் புது லிங்க் அனுப்புகிறான்.

சரி, அனுமதி கொடுத்து ஒழுங்குபடுத்தினால்? அந்த யோசனை 2018-ல் சட்ட ஆணையத்தின் 276-வது அறிக்கையிலேயே இருக்கிறது. கென்யா அந்த வழியில் போன நாடு. அங்கே 2007-ல் எம்-பெசா என்ற மொபைல் பணம் வந்தது, நம் யுபிஐக்கு மூத்தது. 2014-ல் பெரிய பெட்டிங் நிறுவனங்கள் அதன் மேல் ஏறிக்கொண்டன, எல்லாம் உரிமத்தோடு. 2017-ல் ஜியோபோல் என்ற நிறுவனம் எடுத்த கணிப்பில் கென்ய இளைஞர்களில் 76 சதவீதம் பேர் ஒருமுறையாவது பெட் கட்டியதாகச் சொன்னார்கள். நைரோபியிலும் அதே பேச்சுதான்: வேலை இல்லை, இது வருமானம். 2019-ல் அரசே பயந்துபோய்ப் பல நிறுவனங்களின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஆகவே அனுமதி மட்டும் மருந்து என்று நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. தடை மட்டும் மருந்தில்லை என்பதற்குக் கும்பகோணமே போதும்.

வீட்டுக் கணக்கில் இது எங்கே வந்து விழுகிறது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. பையன் பெயரில் சொத்து இல்லை, சம்பளம் இல்லை. அவனுக்கு வங்கி கடன் தராது. முதலில் லோன் ஆப், வாரத் தவணை. அது மிரட்ட ஆரம்பித்ததும் அம்மாவின் தோடோ சங்கிலியோ அடகுக்குப் போகும். அப்புறம் அம்மா மகளிர் குழுவில் கடன் எடுப்பார்; காரணம் கேட்டால் மாடு வாங்க என்பார். குழுக் கடன் என்றால் ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் வசூல்காரர் வந்து உட்கார, பத்து பெண்கள் நோட்டோடு சுற்றி இருக்க, ஒரு அம்மா மட்டும் ‘நாளைக்குத் தர்றேன்’ என்று நிற்கிற இடத்தில் அந்த ஆறு ஓவர் செஷனின் கணக்கு முடிகிறது. அதே வீட்டில் அக்காவின் திருமணத்துக்குச் சேர்த்த நகையோ, மூட்டை விற்ற பணமோ இருந்தால் அதுவும் போகும். கடன் அளவு தெரியவந்த நாளில் பையன் மனம் உடைந்து நிற்பான். அந்த வேளையில் திட்டுவதை ஒத்திவைத்து, அரசின் உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ அழைத்தால் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் பார்க்கலாம்.

அடைக்க முடியாத கடனுக்கு டெல்டா வீடுகள் வழக்கமாகக் கண்டுபிடிக்கிற வழி வெளிநாடு. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறைப் பக்கம் அது சிங்கப்பூர். ஸ்கில் டெஸ்டுக்குப் பயிற்சி, ஏஜென்டுக்குக் கட்டணம் என்று மறுபடியும் லட்சக்கணக்கில் புரட்டுவார்கள். அந்தப் பணத்தையே ‘ரெண்டு மேட்ச்ல டபுள் பண்ணிடலாம்’ என்று பெட்டில் விட்டவர்களும் உண்டு. போய்ச் சேர்ந்தவனுக்கு டார்மெட்டரியில் ராத்திரி தனிமை, கையில் அதே போன், அதே வாட்ஸ்அப் நம்பர். ஆனால் அங்கே சட்டம் வேறு. இந்தியாவில் ஆடுகிறவனைத் தண்டிக்காமல் விட்ட இடத்தில் சிங்கப்பூர் விடுவதில்லை. 2022-ல் அவர்கள் இயற்றிய சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர்களிடம் பெட் கட்டுகிறவனுக்கே பத்தாயிரம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தஞ்சாவூரிலிருந்து கொண்டுபோன ஐடியில் ஐம்பது ரூபாய் கட்டினாலும் அந்தப் பிரிவு பொருந்தும். விமானம் ஏறுவதற்கு முன் கொடுக்கிற பயிற்சி வகுப்புகளில் வெல்டிங்கும் பாதுகாப்பு விதிகளும் சொல்லித் தருகிறார்கள். இதையும் அந்தப் பாடத்தில் சேர்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.